அவர் கேட்காத கேள்வி

அன்று காலை என் கணவர் கொடியில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டார். "மத்தியானம் கொட்டப்போகுது, பாரு" என்றார். பட்டாளத்தில் பதினாறு வருடம் ஹெலிகாப்டர் ஓட்டியவர். பிறகு ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர். அவர் சொன்ன அந்த மழையில்தான் ஹெலிகாப்டரோடு விழுந்து இறந்தார்.

பத்து நாள் கழித்து, அவரைப் பணிக்கு அனுப்பும் கட்டுப்பாட்டு அறைக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"பிரசவத்துல ஒரு பொண்ணுன்னு கேட்டதும் அவருக்கு மனசு தாங்கல அண்ணி. நான் வேணாம்னுதான் சொன்னேன். விபத்து அறிக்கையிலயும் அப்படித்தான் வருது."

"நோயாளி யாருன்னு அவர் கேக்கவே மாட்டாரே தம்பி. தெரிஞ்சா இரக்கம்தான் வண்டிய ஓட்டும்பார். பறக்கலாமான்னு பைலட் முடிவு பண்ற வரைக்கும் சொல்லக்கூடாதுங்கறது உங்க விதிதானே? அப்ப யாரு சொன்னது?"

"பதட்டத்துல யாராவது சொல்லியிருப்பாங்க."

"அன்னிக்கு அறையில நீங்க ஒருத்தர்தானே?"

அவர் டீயைத் தொடாமல் எழுந்தார். "மழை வரும்போல இருக்கு, கிளம்பறேன் அண்ணி."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு, கணவர் தன் கையால் எழுதிவந்த பறப்புக் குறிப்பேடுகளைப் புரட்டினேன். பதினோரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் காற்று, மேகம், மழை எல்லாம் இருக்கின்றன. நோயாளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.