மை ஏறாத கோடுகள்

அலுவலகத்தில் அவளை மைக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். நடுவிரல் நகக்கண்ணில் கறுப்பு ஏறிப் பதினெட்டு வருடம் ஆகிறது. எந்தச் சோப்புக்கும் அது மசியவில்லை. ஒரு பென்சில்காரர் தபாலில் அனுப்பும் சித்திரக்கதைப் பக்கங்களில், அவர் போட்ட கோடுகளின் மேல் மை போடுவது அவள் வேலை. மை காய்ந்ததும் ரப்பரால் பக்கம் முழுக்கத் தேய்ப்பாள். பென்சில் போய்விடும், மை நிற்கும். மை ஏறியது மட்டும்தான் அச்சுக்குப் போகும்.

பென்சில்காரர் அழுத்திப் போடுகிற மனிதர். ரப்பர் போட்ட பிறகும் தாளில் பள்ளம் தெரியும். "வரையறாரா, உழறாரா?" என்று அவள் திட்டாத நாளில்லை. ஆனால் அவர் கோட்டை விட்டு மயிரிழை விலகியதும் இல்லை. சொந்தமாக ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. "நான் செக்குமாடு, போட்ட தடத்துலயே போறவ" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வாள்.

கதையின் பெயர் 'கடைசி மணி விடுதி'. நாற்பது பாகம் வந்து சக்கைப்போடு போட்டது. மாணவிகள் தங்கிப் படிக்கும் ஒரு பழைய பள்ளி. ஒவ்வொரு பாகத்திலும் ஒருத்தி காணாமல் போவாள். மறுநாள் அவள் படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் கிடக்கும். அப்படி ஒருத்தி இருந்ததாகவே யாருக்கும் நினைவிருக்காது. வாசகர்களுக்குக் குலை நடுங்கும். மைக்கைக்கு ஒன்றும் ஆகாது. பேயாவது பிசாசாவது, மை ஒழுங்காகக் காய்ந்தால் போதும் அவளுக்கு.

அவள் மகளும் விடுதியில்தான் படித்தாள். பதினோரு வயது. செல்லப் பெயர் வாலு. அப்பா இறந்துபோன வீட்டில், அம்மா மேசையை விட்டு எழாத வீட்டில், பிள்ளை தனியாகக் கிடக்க வேண்டாமே என்று போன வருடம்தான் சேர்த்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் மனசு உறுத்தும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு விடுதி வராந்தாச் சுவரில் இருக்கும் தொலைபேசியிலிருந்து வாலு பேசுவாள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மைக்கைக்கு வாரமே நகரும்.

நாற்பத்தோராவது பாகத்தின் முதல் பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம். அறுபது தலைகள். மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமிக்கு முன்பல் ஓரம் உடைந்திருந்தது. ஒரு காலுறை மேலே, இன்னொன்று கணுக்காலில் சுருண்டு கிடந்தது. அப்படியே வாலு. மைக்கைக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டேதான் மை போட்டாள்.

ஐந்தாம் பக்கத்தில் அதே சிறுமி விளையாட்டுத் திடலில், கொஞ்சம் கிட்டே. ஒன்பதாம் பக்கத்தில் முதல் பெஞ்சில். மைக்கை பேனாவைக் கீழே வைத்தாள். பென்சில்காரரின் பழக்கம் அவளுக்கு அத்துப்படி. போகப்போகிறவளைக் கும்பலிலிருந்து கட்டம் கட்டமாக முன்னுக்குக் கொண்டுவருவார். முன்னுக்கு வந்தவள் திரும்பியதே இல்லை.

பத்திரிகை ஆசிரியரிடம் பக்கங்களைக் கொண்டுபோய் வைத்தாள்.

"இது என் பொண்ணு சார்."

"உன் பொண்ணை அவர் எங்க பார்த்தாரு? பல்லு உடைஞ்ச பிள்ளைங்க ஊர்ல இல்லையா?"

"நீங்க அவரைப் பார்த்திருக்கீங்களா?"

"நான் இங்க வர்றதுக்கு முன்னாடியிலிருந்து தபால் வருது. பக்கம் ஒழுங்கா வருது, அதுபோதும். போ, வேலையைப் பாரு."

அந்த ஞாயிறு வாலு பேசினாள். "என் படுக்கையை மாத்திட்டாங்கம்மா. இப்போ ஜன்னல் ஓரம்."

இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மை போட்ட பக்கத்திலும் அந்தச் சிறுமி ஜன்னல் ஓரம் படுத்திருந்தாள். வாலு பேசிக்கொண்டே போனாள்.

"அம்மா, வராந்தாக் கடைசியில ஒரு கதவு இருக்கு. எப்பவும் பூட்டியே கிடக்கும். நேத்து லேசா திறந்திருந்துச்சு."

"அந்தப் பக்கமே போகாதே. நாளைக்கு நான் வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

திங்கள் மாலை வண்டிக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு, பையோடுதான் அலுவலகம் வந்தாள். மேசையில் கடைசிப் பக்கம் காத்திருந்தது. முழுப் பக்கத்துக்கு ஒரே கட்டம். நீண்ட வராந்தா. கடைசியில் கால்வாசி திறந்த கதவு. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காலுறை சுருண்ட சிறுமி கதவை நோக்கிக் கை நீட்டியிருந்தாள்.

மைக்கை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவருக்கு மை போட்டாள். கதவுக்குப் போட்டாள். தரைக்கற்களின் கோடுகளைச் சிறுமியின் கால்களுக்கு ஊடாகவே இழுத்தாள். சிறுமிக்கு மட்டும் போடவில்லை. மை காய்ந்ததும் ரப்பரை எடுத்துத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளினாள். வராந்தா காலியாக இருந்தது.

"என் பொண்ணு இந்தக் கதையில இல்ல" என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. மாலை வண்டியில் வருவதாகச் சொல்ல விடுதிக்குத் தொலைபேசி போட்டு, மகளின் பெயரையும் வகுப்பையும் சொன்னாள்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையேம்மா" என்றார் விடுதிக் காப்பாளர்.

"ஜன்னல் ஓரப் படுக்கை. நேத்து என்கூடப் பேசினாளே!"

"அந்தப் படுக்கை காலியாத்தான் கிடக்கு. விரிப்புல ஒரு சுருக்கம்கூட இல்ல. நீங்க வேற பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டீங்க போலிருக்கு."

காப்பாற்றுகிறேன் என்று தன் கையாலேயே தேய்த்து ஊதிவிட்டாளே!

அப்புறம்தான் பள்ளம் நினைவுக்கு வந்தது. பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அந்த உழவுக்காரர் உழுத தடம் தாளில் இருந்தது. ஒரு தோள், ஒரு பின்னல், சுருண்ட காலுறை. குறுக்கே போன கற்களின் கோடுகளை வெள்ளை மை வைத்து மறைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, பள்ளத்தில் மை ஏற்றினாள். ஆசிரியர் வந்து "பக்கம் எங்கே?" என்று கேட்டது காதிலேயே விழவில்லை.

நீட்டிய கையின் கடைசி விரலை முடித்தபோது தொலைபேசி அடித்தது.

"அம்மா." வாலுவின் குரல். "நான் வராந்தாவுல நிக்கிறேன். எப்படி வந்தேன்னு தெரியல. கதவு திறக்குதும்மா."

"ஓடி வந்துடு!"

"காலை எடுக்க முடியலம்மா."

கதவை வெள்ளையடித்து மறைக்கலாம். மறைத்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்தாகிவிட்டது. இனி எதையும் அழிக்கத் துணிவில்லை அவளுக்கு. சேர்க்கத்தான் முடியும். ஆனால் பென்சில் கோடு இல்லாத இடத்தில் அவள் பேனா ஒருநாளும் போனதில்லை.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மையைத் தொட்டு, வெறும் தாளில் வைத்தாள். முதல் கோடு கோணலாகப் போனது. போகட்டும். புடவைக் கரை வந்தது, முழங்கை வந்தது, சிறுமியின் தோளை எட்டும் ஒரு கை வந்தது.

"அம்மா, பின்னாடி யாரோ வர்றாங்க."

"பயப்படாதே. திரும்பிப் பாரு. நடுவிரல் நகத்துல மை இருக்கா?"

"இருக்கு."

"அப்போ கெட்டியாப் புடிச்சுக்கோ."

மறுபடி ஆசிரியர் வந்தபோது ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கடியில் ஒரு பயணப் பை. பக்கத்தில் மை இன்னும் ஈரம். வராந்தாவில் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் கைகோத்து, கதவுக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது. மை போட்டவரைப் பாராட்டுவதற்காக நிமிர்ந்தார். காலி நாற்காலியில் இத்தனை நாள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது, எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.