பத்திரிகையில் அச்சான தாய்மாமன்

எனக்குப் பொறுமை கிடையாது. ஒன்பது மணிக்கு முகூர்த்தம் என்றால் எட்டரைக்கே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களையும் கெடுக்கிற ஆள் நான். அன்றைக்கு அதில் நியாயமும் இருந்தது. மதுக்கரைக் கோயில் மண்டபத்தில் நூறு பேர் கூடிவிட்டார்கள். காது குத்த ஆசாரி தயார், என் மகள் வர்ஷினியும் தயார். அவளை மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன்தான் இல்லை.

தப்பு என் மனைவி அன்புக்கரசி செய்தது. அவளுக்கு உடன்பிறந்தவன் ரூபன் ஒருத்தன்தான். ஆறு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் போய்விட்டான். பாடகர் கதிர்வாணன் என்றால் அண்ணனுக்கும் தங்கைக்கும் சோறு தண்ணி வேண்டாம். ரூபன் செத்ததை இவள் அவருக்கு எழுதிப்போட, அத்தனை பெரிய மனிதர் தானே போனில் கூப்பிட்டு, "இனி என்னை அண்ணனா நெனச்சுக்கம்மா" என்றார். துக்கத்தில் இருப்பவளுக்கு யாரும் சொல்கிற ஆறுதல்தான். ஆனால் அந்த மனிதர் பொங்கலுக்குப் பொங்கல், "தங்கச்சி, நல்லாருக்கியா?" என்று குரல் செய்தியும் அனுப்பிக்கொண்டிருந்தார். இவள் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் அவர் பெயரை அச்சடித்துவிட்டாள், அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல்.

"கூடப் பொறந்தவங்ககிட்டக் கேட்டுப்போட்டா பேரு போடுவாங்க?" என்றாள் என்னிடம்.

முறைப்படி அந்த இடம் அவளுடைய பெரியப்பா மகன் வேலன் மச்சானுக்கு உரியது. ரூபன் போன பிறகு எல்லாச் சீரும் செய்தவர் அவர். நேரில் போய் அழைக்க எங்களுக்கு முகமில்லை. பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினோம். "பெரிய எடம் புடிச்சுப்போட்டீங்க. நல்லாருங்க" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

என் அம்மா மாரியாத்தாள் சும்மா இருப்பாளா? "ஏங்கண்ணு, உங்கண்ணன் பிளேன்ல வாராராக்கும்?" என்று தினமும் மருமகளைக் குத்திக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இதையே பேசிச் சிரித்தார்கள். அன்புக்கரசி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

முந்தின நாள் கதிர்வாணன் கச்சேரிக்காகக் கோவை வந்திருந்தார். கம்பெனியில் லீவு போட்டுவிட்டு, பீளமேட்டில் அவர் தங்கியிருந்த ஓட்டல் வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். உதவியாளர் இரண்டு தடவை விரட்டினார். கடைசியில் அவரே பார்த்து என்னைக் கூப்பிட்டார். பத்திரிகையைக் கொடுத்தேன்.

"என்ற சம்சாரம் தெரியாமப் பண்ணிப்போட்டாளுங்க. கிணத்துக்கடவுல இருக்கற மொறை மாமன் வேலனும் கோவிச்சுக்கிட்டு வரமாட்டேங்கறாரு. நீங்களும் வரலீன்னா அவ தலை நிமிர முடியாதுங்க" என்றேன்.

அவர் பத்திரிகையை நின்றபடியே முழுக்கப் படித்தார். "பாக்கறேன் தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன்.

ஒன்பதரை ஆனது. பத்தானது. பத்தரையோடு முகூர்த்தம் முடிகிறது. நான் வாசலுக்கும் மண்டபத்துக்கும் நடையாய் நடந்தேன். "எங்கே உன்ற அண்ணன்?" என்று எல்லார் முன்னாலும் அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"யாரையாவது ஒருத்தர உக்கார வெச்சுக் குத்திப்போடலாமுங்க" என்றார் ஆசாரி.

"எம்புள்ளைக்கு யாரோ ஒருத்தருங்களா மாமன்?" என்று கேட்டவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பத்தேகாலுக்கு ஒரு கார் வந்து நின்றது. எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதலில் இறங்கியது வெள்ளை வேட்டியில் வேலன் மச்சான். அடுத்து அவர் மனைவி தெய்வாத்தாள், கையில் சீர்த்தட்டு. கடைசியாகத்தான் இன்னொரு தட்டை ஏந்திக்கொண்டு கதிர்வாணன் இறங்கினார்.

"லேட்டாயிடுச்சு தங்கச்சி. மாமன் கிணத்துக்கடவுல இருந்தாரு. போய்க் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

மணையில் வேலன் மச்சான் உட்கார, வர்ஷினி அவர் மடியில் ஏறிக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ பாடச் சொன்னார்கள். "பாட்டு எப்ப வேணாலும் கேக்கலாம். புள்ளைக்குக் காது குத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, கதிர்வாணன் தட்டோடு அன்புக்கரசி பக்கத்தில் நின்றுகொண்டார். ஊசி ஏறியதும் குழந்தை வீறிட்டது. தாயும் கூடவே அழுதாள். அது வேறு அழுகை என்று எனக்கே தெரிந்தது.

கதிர்வாணன் கிளம்பிப் போன பிறகு பந்தியில் வேலன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"காலைல எட்டரை மணிக்கு ஊட்டு முன்னால வந்து நின்னாரு மாப்ள" என்றார் அவர். "செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வந்து, தெய்வாத்தா குடுத்த மோரக் குடிச்சுப்போட்டு, 'உங்க எடத்துல எம்பேரு வந்துருச்சு, மன்னிச்சுக்கங்க'ன்னாரு. பத்திரிகை அடிச்சது அவருங்களா?"

பாடகரைப் பார்க்க மூன்று மணி நேரம் தெருவில் நின்றவன் நான். கிணத்துக்கடவு மதுக்கரையிலிருந்து அரை மணி நேரம். அந்த வாசலுக்குப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பையும் கதிர்வாணனே கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இலையை விட்டு எழுந்துபோய் அன்புக்கரசியைக் கூட்டிவந்தேன். இரண்டு பேரும் மச்சான் முன்னால் நின்றோம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கோவிச்சுக்கிட்டது நானு. நீங்க எதுக்கு எலைய உட்டு எந்திரிக்கறீங்க? உக்காந்து சாப்புடுங்க மாப்ள" என்றார்.