ஆட்டுத் தலையும் பதினேழு எண்களும்

எனக்குக் கோபம் வந்தால் தமிழும் தெலுங்கும் கலந்துகட்டி வரும். எங்கள் டிபார்ட்மென்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த டிஎன்ஏ ரிப்போர்ட்டைப் படித்தபோது எந்த மொழியும் வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

2006 ஜூன் முதல் தேதி. திருப்பதி யுனிவர்சிட்டி மரபியல் துறையில் என் அறை. எதிரே வக்கீல் சிட்டிபாபு.

"இதுல ஏதாவது ஓட்டை இருக்குதா பாருங்க, ஷோபா மேடம். எனக்கு ஒரு எழுத்தும் புரியல."

அவருடைய கட்சிக்காரன் கிரண்குமார். பாலசமுத்திரம் பக்கம் ஊர், ஐடிஐ படித்த பையன். திருப்பதியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். மே மாதம் கீழ்வீட்டு அம்மாளை யாரோ ஒருவன் மண்டையில் அடித்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார், ஆனால் அடித்தவன் முகம் நினைவில் இல்லை. அங்கே கிடந்த துண்டில் அம்மாளின் ரத்தமும் அடித்தவன் ரத்தமும் கலந்திருந்தன. போலீஸ் மாடியிலிருந்த பையனைப் பிடித்துச் சித்தூர் ஜெயிலில் போட்டுவிட்டது.

அவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். ஜாமீன் மனு ஒன்பதாம் தேதி. அன்றைக்கு வெளியே வராவிட்டால் வேலை போச்சு, திருடன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

துண்டில் பெண்ணின் ரத்தமே அதிகம் என்பதால், ஆண்களிடம் மட்டும் இருக்கிற ஒய் குரோமோசோமை மட்டும் போலீஸ் லேபில் படித்திருந்தார்கள். அதில் பதினேழு இடங்கள், பதினேழு எண்கள். துண்டில் இருந்ததும் கிரண்குமாருடையதும் ஒன்றே. கடைசியில் ஒரு வரி: தந்தை வழியில் வேறு ஆண் உறவினர் இல்லை என்று குடும்பத்தாரே எழுதிக் கொடுத்திருப்பதால், இது இவன் ரத்தம்தான்.

அந்தப் பதினேழு எண்களை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்! ஆந்திரா-தமிழ்நாடு எல்லைக் கிராமங்களில் யார் யாருக்கு எப்படி உறவு, எங்கிருந்து எங்கே போனார்கள் என்று அறிய இரண்டு வருஷமாக ரத்தம் சேகரிக்கிறேன். அந்தப் பையனின் ஊரில் இருபத்தாறு ஆண்கள் கொடுத்தார்கள். இருபத்திரண்டு பேருக்கு இதே எண்கள். ஒய் அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குவது. ஒரே முப்பாட்டன் வழி வந்த பங்காளிகள் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"ஓட்டையா கேட்டீங்க? இது சல்லடை சார்!" என்று கத்தினேன்.

"அப்படின்னா உங்க லிஸ்ட்ட கோர்ட்ல குடுத்துடலாமா?"

"செத்தாலும் தரமாட்டேன். போலீஸ் கோர்ட்டுன்னு எங்கயும் போகாதுன்னு சத்தியம் பண்ணி வாங்கின ரத்தம். அவங்களே வந்து சொந்தப் பேர்ல புதுசா குடுக்கணும்."

மறுநாளே ஊருக்குப் போனேன். கிரண்குமாரின் அப்பா முனிகிருஷ்ணன் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தார். ஊரில் பாதிப்பேர் சொந்தமாக இருக்க, யாருமில்லை என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"இல்லதான் மேடம். எனக்குப் பங்காளியே கெடையாது."

அவர் மனைவி கங்கம்மா பொறுக்காமல் வெளியே வந்தாள். "ஆட்டுத் தலை மேடம், ஆட்டுத் தலை! எட்டு வருசத்துக்கு மின்ன பங்காளிங்க பொங்கல் வெச்சப்ப ஆடு வாங்கினது இவுரு. தலை மூத்தவனுக்குத்தான்னு, இவுருக்கு அண்ணன் மொறை, அப்பாவு மாமா எடுத்துக்கினு போய்ட்டாரு. ஒடனே இவுரு சாமி மின்னால கற்பூரம் அணைச்சி, எனக்குப் பங்காளியே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டாரு. போலீசு கேட்டப்பவும் அதையே எழுதிக் குடுத்துட்டு வந்துகீறாரு!"

"சாமிகிட்ட சொன்ன வார்த்தைய மாத்த முடியுமா?" என்றார் முனிகிருஷ்ணன்.

"புள்ள ஜெயில்ல களி துன்னுக்கினு கீறான், ஒங்களுக்கு ஆட்டுத் தலை கேக்குதா?" என்று நானும் ஊர்ப் பேச்சிலேயே இறங்கினேன். அவர் மறுபடி கரும்புத் தோட்டத்தைப் பார்க்க நடந்தார்.

தெருக்கோடியில் அப்பாவு வீடு. வெள்ளை மீசை, வாயில் வெற்றிலை. நான் எல்லாம் சொல்லி முடித்ததும் நிதானமாகக் கேட்டார். "நான் ரத்தம் குடுத்தா எனக்கும் அதே நம்பர்தான வரும்? போலீசு என்னியும் இட்டுக்கினு போவாதா?"

"அதே நம்பர்தான் வரும். பொய் சொல்லமாட்டேன். உங்க பேரும் கோர்ட்டுல பதிவாகும். சந்தேகப்படறவன் படுவான்."

"அப்போ அவன் வந்து நாலு பேர் எதிர்ல அண்ணான்னு கூப்புடட்டும். அப்புறம் பாக்கலாம்."

"ரெண்டு பேரும் நாசமாப் போங்க!" என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் ஆத்திரத்தில் அழுதேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு லேப் வாசலில் ஒரு டெம்போ. பதினாலு ஆண்கள் இறங்கினார்கள். அப்பாவு முதலில் வந்து சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"உங்க தம்பி அண்ணான்னு கூப்ட்டாரா?" என்றேன், சந்தோஷத்தில் குரல் கீச்சிட.

"எங்க கூப்ட்டான், கல்லுளிமங்கன்! கங்கம்மா வந்து வாசல்ல நின்னு அழுதுச்சி. பேச்சு அப்புறம், ரத்தத்த எடும்மா."

"போலீஸ் பயம் போயிடுச்சா?"

"பதினாலு பேரையும் உள்ள வெக்க அவங்ககிட்ட எடம் கீதான்னு மொதல்ல கேளு."

லேபே சிரித்தது. நான் ஊசியை எடுத்தேன்.

அடுத்த நாலு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மெஷினிலிருந்து முதல் தாள் வந்தது: அப்பாவு. பதினேழும் அதே எண்கள். இரண்டாவது தாளும் அதே. ஐந்தாவது வந்தபோது விசிலடித்தேன். பதிமூன்று பேர் அச்சு அசல். ஒருவருக்கு மட்டும் ஓர் எண் ஒன்று கூடுதல். தலைமுறை இறங்கும்போது எப்போதாவது அப்படி நழுவும்.

வெள்ளிக்கிழமை, சித்தூர் கோர்ட். தாள்களை ஜட்ஜ் முன் பரப்பி, மூச்சு விடாமல் பேசினேன். அரசு வக்கீல் அமைதியாக எழுந்து அந்தப் போலீஸ் ஃபாரத்தை நீட்டினார். 'எவரூ லேரு' என்று தெலுங்கில் எழுதி, கீழே முனிகிருஷ்ணன் கையெழுத்து.

"பையனோட அப்பாவே யாருமில்லைன்னு எழுதியிருக்கார். அப்போ இந்தப் பதினாலு பேர் யார்? ஒரே ஆளோட ரத்தத்தைப் பதிமூணு குப்பியில ஊத்தியிருந்தா நமக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கொதித்தது. வாயைத் திறந்தேன், சிட்டிபாபு என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஜட்ஜ் முனிகிருஷ்ணனை அழைத்தார். "வீள்ளந்தா எவரு?"

இவர்களெல்லாம் யார் என்று கேட்டார். முனிகிருஷ்ணன் கைகட்டி நின்றார். கங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கூண்டிலிருந்த கிரண்குமார், "நைனா" என்றான், மெதுவாக.

அவர் திரும்பி மகனைப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார்.

"அப்பாவு. எங்க பெரியப்பா மவன். எனக்கு அண்ணன்."

குமாஸ்தா டைப் அடிக்கத் தொடங்கினார். ஏழுமலை, சின்னத் தாத்தா பேரன். நாகபூஷணம், அவன் தம்பி. புருஷோத்தமன், சித்தப்பா மவன். தாளைப் பார்க்காமல், யார் வீட்டுப் பிள்ளை யார் என்று பதினாலு பேரையும் சொன்னார். எட்டு வருஷமாக இல்லாதவர்கள் ஒருவர் விடாமல் அவர் நாக்கில் இருந்தார்கள்.

ஜாமீன் கிடைத்தது. நிஜத் திருடன் அடுத்த மாதம் சங்கிலியோடு பள்ளிப்பட்டில் பிடிபட்டான். மூன்று தலைமுறைக்கு முன் எல்லையைத் தாண்டிப் போய்விட்ட ஒரு கிளையைச் சேர்ந்தவன். அவனும் பங்காளிதான் என்று சொன்னபோது அப்பாவு காதைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் நான் மறக்காதது சனிக்கிழமை காலை, ஜெயில் வாசல். கிரண்குமார் இளைத்துப்போய் வெளியே வந்தான். கங்கம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். முனிகிருஷ்ணன் மகனிடம் போகாமல் நேரே அப்பாவுவிடம் போனார்.

"அண்ணா, இந்த வருசம் தலை ஒனக்குத்தான்."

அப்பாவு அவர் தோளில் ஓர் அடி வைத்தார். "வாயில நாலு பல்லுதான் கீது, எனக்கு எதுக்குடா தலை? புள்ளைக்கு ஆக்கிப் போடு. திங்கக்கெழம வேலைக்குப் போறவன்."