மூன்றாம் ஓலை

வேத வசனத்தில் புஷ்பவள்ளியை அடிக்க ரந்தாவ் ஊர்ச் சபையில் ஆளே இல்லை என்று எஸ்டேட் முழுக்க ஒரு பேச்சு. கிளப்பிவிட்டது புஷ்பவள்ளியேதான். இருபத்தைந்து வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவள், இதுகூடச் சொல்லிக்கொள்ளக் கூடாதா என்ன?

அந்தச் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெண் பேரைச் சொல்லி, தடை இருந்தால் எழுந்து சொல்லுங்கள் என்று பாஸ்டர் கேட்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தனலெட்சுமியின் இரண்டாம் கல்யாண ஓலைக்கு அப்படி எழுந்தவள் புஷ்பவள்ளி. "மொத புருசன் உயிரோட இருக்கான். கடவுள் சேர்த்து வச்சத மனுசன் பிரிக்கலாமா?" என்றாள். அந்தப் புருஷன் வேறொருத்தியோடு ஓடிப்போனவன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கல்யாணம் நின்றது. அன்றிலிருந்து தனலெட்சுமி கடைசி வரிசையில் தனியாகத்தான் உட்காருகிறாள்.

இப்போது வாசிப்பது இசபெல்லின் ஓலை. இசபெல் புஷ்பவள்ளியின் மருமகள். மகன் ஸ்டீவன் எட்டு வருஷத்துக்கு முன் ஜொகூருக்கு வேலைக்குப் போய், அங்கே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். கோர்ட்டில் விவாகரத்தும் ஆனது. இசபெல் மாமியாரை விட்டுப் போகவில்லை. வாரம் மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் ஏற்றி சிரம்பானுக்கு டயாலிசிஸ் கூட்டிப்போகிறாள். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளை, "டீச்சர் பயப்படலாமா அத்தே?" என்று சீண்டுவாள். மனைவியை இழந்த ரெம்பாவ் ஊர் லாரி டிரைவர் ஜோனத்தன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டபோது, "அத்தே சரின்னாதான்" என்றாள். புஷ்பவள்ளி சரி என்றுவிட்டாள். தனலெட்சுமிக்குச் சொன்ன வசனத்தை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

இரண்டு ஓலை சிக்கலில்லாமல் போனது. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டீவன் போன் அடித்தான்.

"இங்க இருந்தவ என்னை விட்டுட்டுப் போயிட்டாம்மா. நான் வீட்டுக்கே வந்துர்றேன். சபையில என் பேர எடுத்துட்டாங்க, நான் சொன்னா செல்லாது. நீ எழுந்து தடை சொல்லு. தனலெட்சுமிக்குச் சொன்னதுதானே, அதையே சொல்லும்மா."

அழுதான். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள் புஷ்பவள்ளி. போனை வைத்துவிட்டு வேதத்தை எடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த இடத்தையே விரல் வைத்துப் படித்தாள். பிரிக்காதே என்றுதான் இயேசு சொல்கிறார். துணை விபசாரத்தில் போனால் அது வேறு என்பதையும் அதே பேச்சில் சொல்கிறார். அந்தப் பாதியை அவள் ஞாயிறு பள்ளியில் ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மூன்றாம் ஓலையை வாசித்து, "யாருக்காச்சும் தடை உண்டா?" என்றார்.

புஷ்பவள்ளி எழுந்தாள். சபையே திரும்பியது. இசபெல்லின் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் தனலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ மொத புருசன் உயிரோடதான் இருக்கான், பாஸ்டர். அவன் என் மவன். கல்யாணத்த ஒடைச்சவன் அவன். இவ ஒரு நாளும் ஒடைக்கல. இத்தன வருசமா வேதத்துல பாதியத்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன். மீதிய இன்னிக்குச் சொல்றேன். இவளுக்குத் தடை இல்ல." கடைசி வரிசையைப் பார்த்தாள். "தனலெட்சுமிக்கும் இருந்திருக்கக் கூடாது. தப்பு என்னுது."

பெற்ற மகனைச் சபை நடுவில் காட்டிக்கொடுத்தவள் தலையையாவது குனிய வேண்டாமா? குனியவில்லை. மருமகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அப்படி ஒரு பெருமை. உட்காரவே மனம் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் தனலெட்சுமி வந்தாள். "பன்னெண்டு வருசம் லேட்டு லா, டீச்சர்" என்றாள். ஆனாலும் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள்.

மோட்டாரில் ஏறும்போது போன் அடித்தது.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்டா. நீ உயிரோட இருக்கேன்னு சொன்னேன். நீ என்ன செஞ்சேன்னும் சொன்னேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு இசபெல்லின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போம்மா, கல்யாணப் பொண்ணே. மெதுவா போ. எல்லாரும் பாக்கட்டும்."