கொசுறாகக் கேட்ட இரண்டு மணி நேரம்

சந்தைக்குப் போகிறவன் தேவையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது சோலைமலையின் கொள்கை. அய்யலூரில் கிடா பிடிக்கப் போனாலும், "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டில் விசேஷம் என்று வாயைத் திறந்தால் விலைக்குக் கொம்பு முளைத்துவிடும்.

பேகம்பூரில் பழைய லேப்டாப் விற்கும் அல் அமீனின் கடையிலும் அப்படித்தான் போய் உட்கார்ந்தார்.

"எதுக்குண்ணே லேப்டாப்? பேரன் படிக்கவா?"

"கெடக்கட்டுமே, வீட்டுல ஒண்ணு."

உண்மையில் அது கோழிப்பண்ணைக்கு. வேடசந்தூர்ப் பக்கம் நாலாபுறமும் அடைத்த கொட்டகை. உள்ளே ஆறாயிரம் பிராய்லர். காற்றாடி ஓடும்வரைதான் அவற்றுக்கு மூச்சு. கரண்ட் போனால் யாராவது ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். கோடையில் அரை மணி தாமதித்தால் அத்தனையும் பிணம். போன சித்திரையில் அப்படி ஆகிவிட்டது. "இன்னொரு தரம் இப்படி நடந்தா உங்க பண்ணைக்குக் குஞ்சு இறங்காது" என்று குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்லும் கம்பெனியின் மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து மனைவி நாகஜோதி கொட்டகை வாசலை விட்டு நகரவில்லை. காதைக் காற்றாடிச் சத்தத்திலேயே வைத்துக்கொண்டுதான் சோறு தின்றாள்.

மருமகன் விக்னேஷ்குமார்தான் வழி சொன்னான். ஒரு லேப்டாப், வெப்பம் பார்க்கும் கருவி, சிம் போட்ட டாங்கிள் இருந்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதுவே கொட்டகையைப் பார்க்கும். சூடு ஏறினால் போனுக்கு மெசேஜ் அனுப்பும்.

இதில் எதுவும் அல் அமீனுக்குத் தெரியாது. லினக்ஸ் போட்ட மெஷின் ஒன்றைக் காட்டினான். பேரம் எழுந்து, உட்கார்ந்து, இரண்டு டீ குடித்து ஒருவழியாகப் படிந்தது. படிந்தபிறகு கொசுறு வாங்காவிட்டால் சோலைமலைக்குத் தூக்கம் வராது.

"பேட்டரி எம்புட்டு நேரம் நிக்கும்?"

"மூணு மணி நேரம்."

"அஞ்சாக்கிக் குடு."

"இதென்ன கறிவேப்பிலையாண்ணே, கிள்ளிப் போட?"

"கறிவேப்பிலைக்காரன் கேக்காமயே போடுவான். நீ கேட்டும் போடலேன்னா எப்படி பாய்?"

அல் அமீன் சிரித்துக்கொண்டே மெஷினை உள்ளே எடுத்துப்போனான். அப்டேட் தேடுவது, பேக்கப் எடுப்பது என்று குறித்த நேரத்துக்கு ஒரு முறை தானாகப் பின்னால் ஓடும் வேலை, இருப்பதோ இனி வருவதோ எதுவானாலும், பேட்டரியில் இருக்கும்போது தூங்கட்டும், சார்ஜரில் கரண்ட் வந்தால் எழட்டும் என்று ஒரு விதி எழுதினான். திரை வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்தான்.

"இந்தாங்க, அஞ்சு."

எப்படி என்று சோலைமலை கேட்கவில்லை. கொசுறு எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவன் கேட்பதில்லை, விற்கிறவன் சொல்வதுமில்லை.

விக்னேஷ்குமார் எல்லாவற்றையும் மாட்டி, கருவிக்குப் பக்கத்தில் லைட்டரைக் கொளுத்திக் காட்டினான். மெசேஜ் வந்தது. மெயினை அணைத்துச் சோதிக்க யாருக்கும் மனசு வரவில்லை. உள்ளே இருப்பவை உயிர்கள். அதற்கப்புறம் ஓரிரு முறை கரண்ட் போனபோதும், சூடு ஏறுமுன்னே நாகஜோதி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டாள். மெசேஜுக்கு வேலையே வரவில்லை. பிறகு மகளின் பிரசவத்துக்காக அவள் கோயம்புத்தூர் போனாள். கொட்டகையை லேப்டாப்பிடம் விட்டுவிட்டுத்தான் போனாள்.

அக்னி நட்சத்திரத்து மதியம். சோலைமலை மறுபடி அல் அமீன் கடையில் இருந்தார், மச்சானுக்கு ஒரு லேப்டாப் பார்க்க. அப்போதுதான் அல் அமீனுக்கு, வேடசந்தூரில் வாக்கப்பட்டிருக்கும் அவன் தங்கை சபிஹாவின் போன் வந்தது.

"வேடசந்தூர் பக்கம் கரண்ட் போயி முக்கால் மணி நேரமாச்சாம்ணே. தங்கச்சி பொலம்புது."

சோலைமலை போனை எடுத்துப் பார்த்தார். மெசேஜ் எதுவும் இல்லை.

"எங்க லைன்ல போயிருக்காது. போயிருந்தா ஒன் லேப்டாப்பே சொல்லியிருக்குமே."

"லேப்டாப்பு என்னத்தச் சொல்லும்?"

வாங்கி முடித்த பொருள். இனி விலை ஏறாது. சோலைமலை முதல்முறையாகத் தேவையைச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அல் அமீன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அண்ணே, கரண்ட் போனா அது சொல்லாது."

"ஏன்?"

"நீங்க ரெண்டு மணி நேரம் சேத்துக் கேட்டீங்களே."

பைக்கை அல் அமீன்தான் ஓட்டினான். எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க அவனுக்கு வாய்வரை வந்தது. என்ன செஞ்சேன்னு நீ சொன்னியா என்ற பதில் அவனுக்கே தெரிந்ததால் கேட்கவில்லை.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் முகத்தில் ஈரச்சூடு அடித்தது. ஆறாயிரம் கோழி இருந்த இடத்தில் ஒரு கொக்கரிப்புகூட இல்லை. காற்று வரும் பக்கத்துச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. மேசைமேல் லேப்டாப் மட்டும் விழித்திருந்தது. பேட்டரி இன்னும் மூன்றரை மணி நேரம் நிற்கும் என்று காட்டியது.

சோலைமலை போய் ஜெனரேட்டரைப் போட்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. காற்றாடிகள் இரைந்து சுழல, இறகுகள் பறந்து அவர் சட்டையில் ஒட்டின.

சார்ஜருக்குக் கரண்ட் வந்த சற்று நேரத்தில் போன் மணி அடித்தது. மெசேஜ்: கொட்டகையில் சூடு ஏறுகிறது, உடனே வரவும்.

அல் அமீன் தலையைக் குனிந்துகொண்டான். போன் மறுபடி அடித்தது. இந்த முறை நாகஜோதி.

"ஏங்க, சாப்டீங்களா? டிவியில வெயில் வெயில்னு சொல்றான், எனக்கு இங்க இருப்புக் கொள்ளல. கோழி நல்லா இருக்கா?"

சோலைமலை சட்டையில் ஒட்டிய இறகு ஒன்றைப் பிய்த்து எடுத்தார்.

"சரி, சரி, காத்தாடி சத்தம் கேக்குது" என்றாள். "அது போதும்."