இரண்டாவது பெட்டியில் வடிவு

சும்மா கிடைக்கிற எதையும் மந்திரமூர்த்தி நம்பமாட்டார். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை அவருடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். சுருளோடு ஒரு முழம் கயிறு கூடுதலாக வந்தால்கூட, எதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று பிரித்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம் போய் மகன் பாலகணேஷ், தன் லேப்டாப்பில் லினக்ஸ் என்கிற சாஃப்ட்வேர் போட்டிருக்கிறேன், அதற்குக் காசே கிடையாது என்று சொல்லிவைத்தான். காசு வாங்காதவன் வேறு எதையோ வாங்கப் போகிறான் என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பாலகணேஷ் கண்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை பார்த்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒலிப்பதிவில் கொண்டுபோய்க் கொட்டினான். நான்கு மைக்கையும் ஒன்றாகச் சேர்க்கிற பெரிய சவுண்ட் கார்டு வாங்க முடியாமல், இரண்டு மைக் சொருகுகிற சின்னப் பெட்டிகள் இரண்டை வேறு வேறு சமயத்தில் வாங்கி லேப்டாப்பில் மாட்டினான். காசில்லாதவன் கல்யாணத்துக்கு ரெண்டு மேளமாம் என்று மந்திரமூர்த்தி கிண்டலடித்தார். அவர் மனைவி அருணாசலவடிவுதான், பிள்ளையை வையாதீர்கள் என்று குறுக்கே வருவாள்.

போன வருஷம் ஆறுமுகநேரிப் பக்கம் அவர்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனான். முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மியடிக்கும்போது பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுக்கிறவள் வடிவு. கல்யாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து அவள்தான். கும்மியடிக்கிற பெண்களுக்கு இரண்டு மைக்கை வைத்து முதல் பெட்டியில் சொருகினான். வடிவுக்கு ஒன்று, மேளத்துக்கு ஒன்று, அவை இரண்டாவது பெட்டியில். மந்திரமூர்த்தி அந்த நேரம் பந்தல்காரனோடு சண்டையில் இருந்தார். குழாய் ஸ்பீக்கர் நாலு பக்கமும் கத்தியதில் யார் முன்னே பாடினார்கள், யார் பின்னே பாடினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து வீட்டில் போட்டுக் கேட்டார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. போகப் போகக் கைத்தட்டு இரட்டை இரட்டையாகக் கேட்டது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது பெண்கள் ஒரு பக்கம், வடிவு ஒரு பக்கம். பாலகணேஷ் அசடு வழிந்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு, அதன் ஓட்டத்துக்குத்தான் சத்தம் பதிவாகும், இரண்டு கடிகாரமும் ஒன்றுபோல ஓடாது என்றான். ஒன்றை மற்றதின் ஓட்டத்துக்கு இழுத்துப் பிடிக்கிற புரோகிராம் லினக்ஸில் இருக்கிறதாம். கோயிலில் அது கரகரவென்றதால் நிறுத்திவிட்டானாம்.

"அப்ப எந்தக் கடிகாரம்லே சரி?" என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

"ரெண்டும் சரின்னு சொல்ல முடியாதுப்பா. ஒண்ணச் சரின்னு வச்சுக்கிட்டு மத்தத அதுக்கு இழுக்கணும்."

அது அவருக்குப் புரிந்தது. நைலான் கயிறும் நார்க்கயிறும் ஒரே பாரத்தைக் கட்டினாலும் ஒன்றுபோலத் தொய்வதில்லை. ஆனால் புரிந்தது என்று மகனிடம் ஒத்துக்கொள்ளவில்லை. இழுத்துச் சரிபண்ணுகிறேன் என்ற பாலகணேஷும் யார்டு வேலையில் அதை மறந்துவிட்டான்.

அடுத்த மாதம் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த வடிவு அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் முடிந்துவிட்டது. இருதயம் ரொம்ப நாளாகவே பெலமில்லாமல் இருந்திருக்கிறது, மூச்சு வாங்கியிருக்குமே, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். மந்திரமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. போன மாசம் கொடையில் நின்றபடி கும்மி பாடினவள், அவளுக்கா மூச்சு வாங்கும் என்று சத்தம் போட்டார். துட்டி கேட்டு வந்தவர்களிடமும் அதையே சொன்னார். கோயிலில் கணீர் என்று பாடினாளே, நீங்களும்தானே கேட்டீர்கள் என்பார். அவர்களும் ஆமாம் என்பார்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வருஷத்தைத் தள்ளினார்.

இந்த வருஷக் கொடை நெருங்கியபோது தர்மகர்த்தா சிவனணைந்தபெருமாள் போன் செய்தார். வடிவு இல்லாமல் கும்மிக்கு அடி எடுக்க ஆளில்லை, பையன் பதிவு செய்தது இருக்கிறதாமே, அதை ஸ்பீக்கரில் போட்டால் பெண்கள் அதற்குக் கும்மியடித்துவிடுவார்கள் என்றார். மந்திரமூர்த்தி யோசிக்கவே இல்லை. தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து மகனை இருக்க விடவில்லை. ஊர் முழுக்க மறுபடியும் அவள் குரலைக் கேட்க வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கடை மாடியில் உட்கார்ந்துவிட்டான் பாலகணேஷ். மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு மந்திரமூர்த்தி மேலே போனார். லாரிச் சத்தத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்ததில் அறை அடுப்பாகக் காய்ந்தது. அவரைக் கண்டதும் அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். சரிவரவில்லை, இந்த வருஷம் விட்டுவிடுவோம் என்றான். முகம் நேராக இல்லை.

"என்னத்தல மறைக்க?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லன்னா போடு. நானும் கேக்கேன்."

அவன் போட்டான். கைத்தட்டு ஒன்றாக விழுந்தது. இரட்டைச் சத்தம் போயே போய்விட்டது. மேளமும் கும்மியும் ஒரே நடையில் வந்தன. பெண்களின் மைக்கில் தூரத்து மேளமும் கேட்கும், அந்த அடியையும் இரண்டாவது பெட்டியில் இருக்கிற மேளத்து அடியையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி இழுத்தேன் என்றான் பாலகணேஷ். ஆனால் வடிவு மட்டும் பிந்தினாள். முதல் இரண்டு பாட்டில் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுத்தாள். சில இடத்தில் அவள் தொடங்குமுன்னே பக்கத்தில் நின்ற சந்தனச்செல்வி அடியை எடுத்துவிட்டாள்.

"அவளையும் இழுக்க வேண்டியதுதான?" என்றார் மந்திரமூர்த்தி.

 முதல் பெட்டியை அடக்கிவிட்டு இரண்டாவதை மட்டும், எதையும் இழுக்காமல், பதிவானபடியே போட்டான். மேளம் விழுந்தது. அதற்குப் பின்னால், இழுத்துக்கொண்டு, வடிவு.

"ரெண்டும் ஒரே பெட்டிப்பா. ஒரே கடிகாரம். இதுக்குள்ள முன்ன பின்ன போவாது." அவன் பதிவை நிறுத்தினான். "அம்மைக்குத்தான் முடியல."

மந்திரமூர்த்தி டீயைக் கீழே வைத்தார். போன வருஷம் வீட்டில் இதைக் கேட்டபோது வடிவும் கதவோரம் நின்றிருந்தாள். எனக்குத்தான் இப்பல்லாம் மேளத்துக்கு எட்ட மாட்டேங்குதோ என்று அவள் கேட்டாள். நீ சும்மா இரிளா, இந்தப் பெட்டியின் லட்சணம் அப்படி என்று அவர்தான் அவள் வாயை அடைத்தார். அவளுக்காகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசினார். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

பாலகணேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வழி இருக்கிறது என்றான். அம்மையின் பாட்டை வரி வரியாக வெட்டி, மேளத்துக்கு நேராக நகர்த்தி வைத்துவிடலாம். இரண்டு நாள் வேலை. ஊரில் ஒருவருக்கும் தெரியாது, கணீர் என்று இருக்கும். நீங்கள் தர்மகர்த்தாவிடம் சொன்ன சொல்லும் நிற்கும் என்றான்.

கணீர் என்று. அந்தச் சொல் அவரைப் போட்டு அறுத்தது.

"வேண்டாம்ல," என்றார். "ஒங்கம்மைய இழுத்து அவளுக கூட ஓட வைக்காத. அவளுக்கு முடியல."

"அப்ப இப்படியே குடுத்துருவோமாப்பா?"

இப்படியே கொடுத்தால் ஊர் கேட்கும். ஒரு வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். ஆனால் ஸ்பீக்கரில் அவள் மூச்சுக்குத் தவிக்க, அதற்கு நாலு பேர் கும்மியடிக்கிறதா? அவர் போனை எடுத்தார்.

சிவனணைந்தபெருமாளிடம், பதிவு இல்லை என்றார். மெஷின் கெடுத்துவிட்டது, இரண்டு பெட்டியும் இரண்டு விதமாக ஓடி எல்லாம் நாசமாகிவிட்டது, வடிவு நன்றாகத்தான் பாடினாள், பெட்டி சரியில்லை என்றார். சந்தனச்செல்வியையே அடி எடுக்கச் சொல்லுங்கள் என்றார். நல்ல பெட்டியாக வாங்கியிருக்கலாமே, பையனுக்கு விவரம் பத்தாது என்று அந்தப் பக்கம் அவர் வருத்தப்பட்டார். ஆமாம், பத்தாதுதான் என்றார் மந்திரமூர்த்தி. எதிரே உட்கார்ந்திருந்த பாலகணேஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

போனை வைத்ததும், அவர் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ரெண்டாவது பெட்டிய மட்டும் போடு."

போட்டான். மேளம் விழுந்தது. மந்திரமூர்த்தி காத்திருந்தார். பிறகு அவள் வந்தாள்.