பல் கூச்சம்

ஜவுளிக்கடை மேனேஜர் சொன்னதை வேறு யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து வாங்கியிருப்பாள் சௌந்திரம். அன்றைக்கு வாங்கவில்லை. காரணம், அவர் சொன்னது அவளுடைய வார்த்தைதான். இத்தனை வருஷமாக அவள் வீட்டுக்குள் சொன்னதை அவர் கடைக்குள் சொன்னார்.

திருச்செங்கோட்டில் பெரிய கடை அது. சௌந்திரத்தின் ஒரே மகள் இனியா பி.காம். முடித்துவிட்டுப் பட்டுப் பிரிவில் வேலை கேட்டுப் போயிருந்தாள். துணைக்கு அம்மா. மேனேஜர் கேட்டதற்கெல்லாம் இனியா தயங்காமல் பதில் சொன்னாள். அவருக்கும் பிடித்துப்போயிற்று. கடைசியில் அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, சிரித்துவிட்டாள். கையைக் கொண்டுபோய் வாயை மூடுவதற்குள் பல் தெரிந்துவிட்டது. மேல்பல் நாலிலும் காப்பி சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புத் திட்டு.

"முன்னால நின்னு பொடவை விரிச்சுக் காட்டற வேலைங்க" என்றார் மேனேஜர், இனியாவிடம் சொல்லாமல் சௌந்திரத்திடம். "திங்கக்கெழம வாரப்ப பல்லை டாக்டர்கிட்ட க்ளீன் பண்ணிப்போட்டு வரச் சொல்லுங்க. இல்லாட்டி குடோன்லதான் போடோணும்."

பெற்றவள் அதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது இது:

"நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனனுங்க. பல்லு வெளக்கறதுன்னா அப்படியொரு சோம்பேறித்தனம். கேக்க மாட்டீங்கறா."

சேலை மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இனியா தரையைப் பார்த்தாள்.

சௌந்திரம் தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் பல் வெள்ளை, வரிசை. மாமியார் ஒருநாள் "உனக்கு வாய் நீளம்" என்றபோது, "நீளமா இருந்தாலும் வெள்ளையா இருக்குதுங்கல்ல" என்று சொன்னவள். அப்பேர்ப்பட்டவள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குப் பல் இப்படி. பால்பல் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. விழுந்து முளைத்த பல், முளைக்கும்போதே பழுப்பாக முளைத்தது. முளைக்கிற பல் எப்படி அழுக்கோடு முளைக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கோபம் வந்தால் யோசனை எங்கே வருகிறது?

முதலில் திட்டினாள். அப்புறம் பிரஷ்ஷின் காம்பாலேயே முழங்கையில் அடித்தாள். அதற்கும் போகவில்லை என்றதும் செங்கல்லை இடித்துச் சலித்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையைத் துணி துவைக்கிற கல்லில் உட்காரவைத்துத் தன் கட்டைவிரலாலேயே தேய்த்துவிட்டாள். ஈறு எரிகிறது என்று அழுதால், "எரிஞ்சாத்தான் போகும்" என்பாள். நோம்பிக்கு, சீருக்கு, எங்கே கிளம்பினாலும் வாசலில் வைத்து ஒரு வார்த்தை: "அங்க வந்து பல்லைக் காட்டாத." இனியா காட்டவில்லை. பள்ளிக்கூடப் படம், கல்லூரிப் படம், மாமன் மகள் கல்யாணப் படம் எல்லாவற்றிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். சிடுமூஞ்சி என்று சொந்தக்காரர்கள் பேர் வைத்தார்கள். அதற்கும் சௌந்திரம் மகளைத்தான் திட்டினாள்.

சனிக்கிழமை காலையில் இருவரும் டாக்டர் ஷைமாவின் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சேலத்துப் பெண். சின்ன வயது. இனியா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கும் முன்பே சௌந்திரம் வாயைத் திறந்துவிட்டாள்.

"நல்லாச் சுரண்டி எடுத்துப்போடுங்க டாக்டர். திங்கக்கெழம வேலைக்குப் போகோணும். ஒழுங்கா வெளக்குனா இந்த நெலம வருமா?"

டாக்டர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேலே, கீழே, பின்னால் என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிரஷ் பண்றீங்க?"

"மூணு தடவைங்க" என்றாள் இனியா.

"டாக்டர்கிட்டப் பொய் சொல்லாத அம்மிணி. ஊட்டுல ரெண்டு தடவதான நான் பாக்கறேன்?"

"காலேஜ் போனப்ப மத்தியானமும் அங்க தேய்ப்பேன். பிரஷ்ஷை எப்பவும் பையிலயே வச்சிருப்பேன்." இனியா கூரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

சௌந்திரத்துக்கு அது தெரியாது. மூன்று வருஷம் ஒரு பிள்ளை கல்லூரிக் குழாயடியில் யாரும் பார்க்காமல் நின்று பல் தேய்த்திருக்கிறது.

டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்தார். "அம்மா, இது அழுக்கு இல்ல. பல்லு ஈறுக்குள்ள வளர்ற வயசுலயே பிடிச்ச நிறம். சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சாங்க?"

இந்தக் கேள்வி சௌந்திரத்துக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. "எங்க சொந்த போர் தண்ணிங்க!" என்றாள். "என்ற ஊட்டுக்காரர் ரிக் லாரியில டிரில்லருங்க. இவ பொறந்த வருஷம் வண்டியக் கொண்டாந்து எங்க தோட்டத்துலயே நிறுத்தி, எண்ணூறு அடிக்கு மேல ஓட்டுனாருங்க. தேங்காத்தண்ணியாட்டம் இருக்கும். ஊருக்குள்ள காவேரித் தண்ணி வந்துது, எங்க தோட்டத்துக்கும் குழாய் போட்டுத் தாரேன்னாங்க. நாந்தான் வேண்டவே வேண்டாம்னு தாட்டி உட்டுட்டேன்."

டாக்டர் அவளை முழுக்கப் பேசவிட்டார். அதுதான் சௌந்திரத்துக்குப் பின்னால் நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பாதியில் நிறுத்தியிருக்கக் கூடாதா?

"அந்தத் தண்ணியாத்தான் இருக்கணும்" என்றார் டாக்டர், குரலைத் தணித்து. "ஆழத்துல பாறையிலருந்து வர்ற தண்ணில சில இடத்துல ஃப்ளோரைடு அதிகமா இருக்கும். குடிச்சா தெரியாது, ருசி நல்லாத்தான் இருக்கும். ஆனா பல்லு வளர்ற வயசுல குடிச்சா இப்படித் திட்டுத் திட்டாப் பிடிக்கும். தண்ணிய டெஸ்டுக்குக் குடுத்துப் பாருங்க. அது வரைக்கும் ஊருக்குள்ள வர்ற காவேரித் தண்ணியக் குடிங்க."

"நானும் அதேதானுங்க குடிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவுலயே?"

"உங்களுக்குப் பல்லெல்லாம் முளைச்சு முடிஞ்ச அப்புறம்தானே அந்த போர் போட்டீங்க?"

சௌந்திரம் நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்தாள். "அப்ப க்ளீன் பண்ணுனா போவாதுங்களா?" என்றாள். கெஞ்சுகிற குரல். யாரிடமும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

"க்ளீனிங்னா பல்லு மேல ஒட்டுனதை எடுக்கறதும்மா. உள்ள இருக்கறதை எடுக்க முடியாது. வேணும்னா நிறத்தைக் குறைக்க வேற வைத்தியம் இருக்கு, அதை நிதானமாப் பண்ணலாம். மத்தபடி இவங்க வாயில எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. இவ்வளவு சுத்தமான வாய் எங்கிட்ட அபூர்வமாத்தான் வரும்." டாக்டர் மறுபடி குனிந்தார். "ஒண்ணு மட்டும் கேக்கணும். ஈறை ஒட்டின இடத்துல பல்லெல்லாம் பள்ளமாத் தேஞ்சிருக்கு. இந்த வயசுல இப்படித் தேயாது. சொரசொரப்பா ஏதாவது வச்சுத் தேய்ச்சீங்களா?"

இனியா பதில் சொல்லவில்லை. அம்மா பக்கம் திரும்பவும் இல்லை. அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை போல இருந்தது சௌந்திரத்துக்கு.

"செங்கப்பொடிங்க" என்றாள். "நாந்தான்."

டாக்டர் திட்டவில்லை. திட்டினால் திருப்பித் திட்டுவதற்காவது வாய் இருந்தது. அவர் சௌந்திரத்தின் முகத்தையே பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் இங்க உக்காருங்க" என்றார்.

"எனக்கெதுக்குங்க? என்ற பல்லப் பாருங்க, பளிச்சுனு இருக்குது."

"முன்னாடி பளிச்சுனுதான் இருக்கு. பேசும்போது ஈறு வீங்கித் தெரியுது. உக்காருங்க."

இனியா எழுந்து இடம் விட்டாள். சௌந்திரம் உட்கார்ந்தாள். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பி, இன்னொரு கண்ணாடியை அவள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கீழ்ப்பல் வரிசையின் பின்பக்கம் பல்லே தெரியவில்லை. சுண்ணாம்பு வைத்துப் பூசிய மாதிரி, மஞ்சளும் கறுப்புமாக ஒரே சுவர்.

"துப்பும்போது ரத்தம் வருமா?"

"இல்லீங்க" என்றாள் சௌந்திரம்.

"வருமுங்க" என்றாள் இனியா. "தெனமும் வரும். அம்மா துப்பிப்போட்டு உடனே தண்ணி ஊத்தி உட்டுரும்."

சௌந்திரம் அதை உடம்புச் சூடு என்று நினைத்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்றும் நினைத்திருந்தாள்.

"இது கல்லும்மா" என்றார் டாக்டர். "நாம விளக்கும்போது விட்டுப்போனது அப்படியே இறுகிக் கல்லாயிடும். அதுக்கப்புறம் பிரஷ்ஷுக்கு வராது, மிஷின்லதான் எடுக்கணும். ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒருக்கா எடுத்திருந்தா இவ்வளவு சேர்ந்திருக்காது. ஈறு இறங்கிடுச்சு. உள்ள எலும்பும் கரைஞ்சிருக்கு. ரெண்டு பல்லு லேசா ஆடுது."

"மிஷின் வச்சா பல்லு ஆடிப் போயிருமுன்னு சொல்லுவாங்களே?"

"ஆட வச்சது கல்லு. மிஷின் மேல பழி."

வந்தது மகள் பல்லைச் சுத்தம் பண்ண. படுத்தது அம்மா. மிஷின் கீச்சென்று கத்தியது. தண்ணீர் பீய்ச்சியது. கல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து நாக்கில் விழுந்தது. எழுந்து துப்பும்போதெல்லாம் தொட்டி சிவந்தது. வாயிலிருந்து வந்த நாற்றம் அவளுக்கே தெரிந்தது. அப்படியானால் இத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைக்கு, ஒரே பாயில் படுத்த பிள்ளைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு நாளும் மூக்கைச் சுளித்ததில்லை. உன் வாய் நாறுது என்று ஒரு சண்டையிலும் சொன்னதில்லை. செங்கல் பொடி இடித்த கைக்கு அந்தப் பிள்ளை கொடுத்த மரியாதை அது. சௌந்திரத்துக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் நல்லது என்று இருந்தது. தாடையில் வழிந்த ரத்த எச்சிலை யாரோ பஞ்சால் துடைத்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால், இனியா.

எல்லாம் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "மறுபடி ரெண்டு தடவை வரணும். ரெண்டு நாளைக்குக் கூச்சமா இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

பல் கூச்சத்தைத்தான் சொன்னார். சௌந்திரம் தலையைக் குனிந்துகொண்டு, "சரீங்க" என்றாள்.

ஆனால் குனிந்த தலையோடு ரொம்ப நேரம் இருக்க அவளுக்குத் தெரியாது. படியிறங்கியதுமே மேனேஜருக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, என்ற புள்ள பல்லு சுத்தமுங்க. டாக்டரே சொல்லிப்போட்டாங்க. அது தண்ணிக் கோளாறு. நான் அன்னைக்குச் சொன்னது அத்தனையும் தப்புங்க, சோம்பேறியெல்லாம் இல்லீங்க. முன்னால நிக்க உடறதுன்னா உடுங்க, இல்லாட்டி வேற கடை இல்லாமயா போச்சு?" மேனேஜர் மிரண்டுபோய், சரிங்க, திங்கக்கிழமை வரட்டும், முன்னாலேயே நிற்கட்டும் என்றார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாள் எந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறாள் என்று விசாரித்து, பேரப்பிள்ளைகளைப் பல் டாக்டரிடம் காட்டச் சொல்லிப் புத்தி சொன்னாள். சத்தீஸ்கரில் ரிக் வண்டியோடு இருந்த புருஷன் செங்கோட்டையனைப் போனில் பிடித்து, "நீங்க தோண்டுன லட்சணத்துல" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "இல்லீங்க, குழாயை வேண்டாம்னது நாந்தானே" என்று முடித்தாள். ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் பெட்டிக்கடை முத்தாயம்மாள் கேட்டாள்:

"என்ன சௌந்திரம், புள்ளைக்குப் பல்லு வெளுத்துருச்சா?"

"என்ற புள்ளைக்கு எப்பவும் சுத்தந்தான். எனக்குத்தான் வாயெல்லாம் அழுக்கு. நாந்தான் கண்ணு கெட்டுப்போயி அவளப் போட்டு அடிச்சிருக்கறேன்." கடையில் நின்ற நாலு பேரும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடத்தில் இனியா முன்னால் நடந்தாள். இரண்டு பக்கமும் மரவள்ளி. வெயில் சாய்ந்திருந்தது. பஸ்ஸிலிருந்தே அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது சௌந்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏஞ்சாமி பேச மாட்டீங்கற? வேலைதான் கெடச்சிருச்சே. மேனேஜர்கிட்டச் சொல்லிப்போட்டேன், அப்பன்கிட்டச் சொல்லிப்போட்டேன், முத்தாயக்காகிட்டவும் சொல்லியாச்சு. இனி ஊர்ல ஒருத்தர் உன்னப் பேச முடியுமா?"

இனியா நின்று திரும்பினாள். வாயைக் கையால் மூடவில்லை. கோபமும் இல்லை அந்த முகத்தில்.

"எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டம்மா" என்றாள். "என்கிட்டத்தான் நீ இன்னும் சொல்லல."

சௌந்திரம் வாயைத் திறந்தாள். மேனேஜரிடம் வந்த வார்த்தை, பஸ்ஸில் வந்த வார்த்தை, பெட்டிக்கடையில் அவ்வளவு சத்தமாக வந்த வார்த்தை, ஒன்றுகூட வரவில்லை. தொண்டைக்கும் பல்லுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுபோயிற்று.

இனியா நகரவில்லை. பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அம்மாவின் வாயையே பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.